கட்சி மாறிய நாடாளுமன்றமும் கைமாறாத போரதிகாரமும்: 2001 இலங்கைப் பொதுத் தேர்தல் – மரக்காணக் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், குடியரசுத் தலைவரின் பதவிக்காலத்தின் இடையில் நடைபெற்று, நாடாளுமன்றத்தை எதிர்க்கட்சியின் கையில் ஒப்படைத்த தேர்தல் 2001 டிசம்பர் 5 அன்று இலங்கையில் நடைபெற்ற பொதுத் தேர்தல் ஆகும். இத்தேர்தல் சமாதானத்துக்கான மக்கள் ஆணை என்று பொதுவாக விளக்கப்படுகிறது. வாக்கு எண்ணிக்கையையும் அரசமைப்பின் அதிகாரப் பங்கீட்டையும் ஒருசேர நோக்கினால், அவ்வாணை சிறுபான்மையினர் வாக்குகளைச் சேர்த்தபோது மட்டுமே பெரும்பான்மை எய்தியது என்பதும், அவ்வாக்குகளே போரால் பெரிதும் குறைந்திருந்தன என்பதும் புலனாகின்றன. மரக்காணம் அருகேயுள்ள கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் வாழும் ஈழத்தமிழர் நிலையை முன்வைத்து இக்கருத்து இங்கு ஆராயப்படுகிறது.

முதன்மைச் சொற்கள்: இலங்கைப் பொதுத் தேர்தல் 2001, போர்நிறுத்த உடன்படிக்கை, இருதலை ஆட்சி, மரக்காணம், ஏதிலியர், வாக்குரிமை.

முன்னுரை

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு பொருத்திக் காண்பர் ஆய்வாளர் பலர். உப்பும் கடல்வழிப் போக்குவரத்தும் அக்கரையின் பழமையான இரு அடையாளங்கள். கழுவேலி நீர்ப்பரப்பையும் பக்கிங்காம் கால்வாயையும் ஒட்டி உப்பளங்கள் இன்றும் பரந்து கிடக்கின்றன. மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் அமைந்துள்ளது. கடல்வழிப் போக்குவரத்தின் அண்மைக்காலச் சான்று என்று அதனைக் கூறலாம். வணிகத்தால் அன்றிப் போரால் நேர்ந்த போக்குவரத்து அது.

போரும் தேர்தலும் ஒருங்கே நிகழ்வது இக்கரையின் பூர்வ குடிகளுக்குப் பழக்கமில்லாத ஒன்று. சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு 1937இல் தேர்தல் நடந்தது. இரண்டாம் உலகப் போரில் இந்தியாவைக் கேளாமலே ஈடுபடுத்தியதை எதிர்த்து 1939 அக்டோபரில் இராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. அதன்பின் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் 93ஆம் பிரிவின்கீழ் ஆளுநரே ஆண்டார். அடுத்த மாகாணத் தேர்தல் போர் முடிந்த பின்னர் 1946இல்தான் நடைபெற்றது. 1971ஆம் ஆண்டின் இடைத்தேர்தல் எனப்படும் முன்கூட்டிய பொதுத் தேர்தலும் மார்ச்சு மாதத்தில் முடிந்துவிட்டது. வங்கதேசப் போர் டிசம்பரில் வந்தது. ஆகவே தமிழகத்தில் போர் என்பது தேர்தல் நின்றுபோன காலமாகவோ தேர்தலுக்குப் பிந்திய காலமாகவோ மட்டுமே நினைவில் உள்ளது. பாக்கு நீரிணைக்கு அப்பால் நிலைமை வேறு. அங்கு 1983க்குப் பின் குடியரசுத் தலைவர் தேர்தல்களும் பொதுத் தேர்தல்களும் போரின் ஊடேயே நடத்தப்பட்டன. அவற்றுள் போரின் போக்கையே மாற்றிய தேர்தல் 2001ஆம் ஆண்டினது.

தேர்தலுக்கு இட்டுச் சென்ற வழி

சந்திரிகா குமாரதுங்க 1994இல் சமாதானத்தை முன்னிறுத்தியே ஆட்சிக்கு வந்தவர் என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 1995இல் பேச்சுவார்த்தை முறிந்தபின் அவரது பொதுஜன ஐக்கிய முன்னணி போரைத் தீவிரமாக்கியது. அதே வேளையில் அதிகாரப் பரவலாக்கத்துக்கான யாப்பு வரைவையும் முன்வைத்தது. 2000 ஆகஸ்டில் அவ்வரைவு நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டபோது அதை எதிர்த்துக் குழப்பம் விளைவித்தது ஐக்கிய தேசியக் கட்சி. ஓராண்டு கழிந்ததும் இரு கட்சிகளின் தோற்றமும் தலைகீழாயின. இலங்கையின் இரு பெருங்கட்சிகளுள் ஒன்றைச் சமாதானக் கட்சி எனவும் மற்றொன்றைப் போர்க் கட்சி எனவும் நிலையாகப் பெயரிட்டு எழுதும் வழக்கம் இதனாலேயே பொருந்தாது.

2000 அக்டோபர் 10 அன்று நடந்த பொதுத் தேர்தலில் முன்னணி 107 இடங்களையும், ஐக்கிய தேசியக் கட்சி 89 இடங்களையும், மக்கள் விடுதலை முன்னணி 10 இடங்களையும் பெற்றன. மொத்த இடங்கள் 225. முஸ்லிம் காங்கிரசு உள்ளிட்டோரின் துணையோடுதான் ஆட்சி நின்றது. போர்க்களத்திலும் நிலைமை அரசுக்குச் சாதகமாக இல்லை. 2000 ஏப்ரல் 22 அன்று ஆனையிறவுப் படைத்தளம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாயிலான அவ்விடம் ஒரு காலத்தில் மரக்காணத்தைப் போலவே உப்பளங்களால் அறியப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 24இல் புலிகள் தாமாகவே போர்நிறுத்தம் அறிவித்தனர், நான்கு மாதங்கள் அதனை நீட்டித்தனர், அரசு ஏற்கவில்லை. போர்நிறுத்தம் முடிந்த மறுநாளே தொடங்கிய படைநகர்வு சில நாள்களில் பெருஞ்சேதத்துடன் நின்றது.

2001 ஜூனில் முஸ்லிம் காங்கிரசுத் தலைவர் ரவூப் ஹக்கீம் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டார். அவருடன் உறுப்பினர் சிலர் வெளியேற, அரசு பெரும்பான்மையை இழந்தது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும் நிலையில், ஜூலையில் குடியரசுத் தலைவர் நாடாளுமன்றத்தை இரு மாதங்களுக்கு ஒத்திவைத்தார். அம்மாதம் 24ஆம் நாள் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது. படை விமானங்களோடு பயணிகள் விமானங்களும் எரிந்தன. காப்பீட்டுக் கட்டணம் உயர்ந்தது, சுற்றுலா சரிந்தது, வறட்சியால் மின்வெட்டு நீண்டது. சுதந்திரத்துக்குப் பின் முதன்முறையாக நாட்டின் உற்பத்தி சுருங்கிய ஆண்டு அது. கொழும்பு வணிகர்களும் தொழிலதிபர்களும் போரைப் பொருளாதாரக் கணக்காகப் பார்க்கத் தொடங்கியமை இத்தேர்தலின் பின்னணியில் மிக முக்கியமானது.

செப்டம்பரில் அரசு மக்கள் விடுதலை முன்னணியுடன் ஓர் உடன்பாட்டைச் செய்து உயிர் பிழைத்தது. சிங்கள அரசியல் வழக்கில் இது ‘பரிவாச’ அரசு எனப்பட்டது. தவறிழைத்த பௌத்தத் துறவி கழிக்க வேண்டிய சோதனைக் காலத்தைக் குறிக்கும் விநயச் சொல் அது. ஆட்சியாளரே அப்பெயரை ஏற்க நேர்ந்ததில் நகைமுரண் உண்டு. அமைச்சர் எண்ணிக்கை 20 ஆகக் குறைக்கப்பட்டது. சுதந்திர ஆணைக்குழுக்களுக்கு வழிவகுத்த 17ஆவது திருத்தமும் நிறைவேறியது. ஆயினும் சோதனைக் காலம் ஒரு மாதத்தைச் சற்றே கடந்தது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் பொதுச் செயலாளர் எஸ். பி. திசாநாயக்க, யாப்பு வரைவின் சிற்பியாகக் கருதப்பட்ட ஜி. எல். பீரிஸ் முதலியோர் எதிரணிக்குச் சென்றனர். அக்டோபர் 10 அன்று நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது.

இந்நாள் தற்செயலானதன்று. 1978ஆம் ஆண்டு யாப்பின் அன்றைய 70ஆவது உறுப்புரையின்படி, தாம் கலைத்ததன் விளைவாக ஒரு பொதுத் தேர்தல் நடந்தால், அத்தேர்தல் நாளிலிருந்து ஓராண்டு கழியும்வரை நாடாளுமன்றத்தை மீண்டும் கலைக்கக் குடியரசுத் தலைவருக்கு இயலாதிருந்தது. நாடாளுமன்றமே தீர்மானத்தால் வேண்டினால் அன்றி. ஓராண்டு நிறைந்த நாளில்தான் கலைப்பு ஆணை வெளிவந்தது. இந்த ஓராண்டு விதி பின்னர் புதிய அரசின் தலைமேலும் தொங்கியது.

வாக்கும் இடமும்

தேர்தலில் ஐக்கிய தேசிய முன்னணி 40,86,026 வாக்குகளும் (45.62 விழுக்காடு) 109 இடங்களும் பெற்றது. பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 33,30,815 வாக்குகள் (37.19), 77 இடங்கள். மக்கள் விடுதலை முன்னணிக்கு 8,15,353 வாக்குகள் (9.10), 16 இடங்கள். அவ்வாண்டு அக்டோபரில் உருவாகி, தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் போட்டியிட்ட தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 3,48,164 வாக்குகளுடன் 15 இடங்களைப் பெற்றது. முஸ்லிம் காங்கிரசுக்கு 5, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சிக்கு 2, ஜனநாயக மக்கள் விடுதலை முன்னணிக்கு 1. டிசம்பர் 9 அன்று ரணில் விக்கிரமசிங்க பிரதமரானார்.

இவ்வெண்களைக் கட்சிவாரியாக வரிசைப்படுத்திக் காணும்போது ஆட்சி மாற்றம் தெளிவாகத் தோன்றுகிறது. வேறு வகையில் கூட்டினால் வேறொரு காட்சி கிடைக்கிறது. பொதுஜன ஐக்கிய முன்னணியும் மக்கள் விடுதலை முன்னணியும் பெற்ற வாக்குகளின் கூட்டுத்தொகை 41,46,168. வெற்றி பெற்ற அணியின் வாக்குகளைக் காட்டிலும் இது 60,142 அதிகம். புலிகளுடன் இரகசிய உடன்பாடு கொண்டவர் என்று ரணிலைச் சாடிப் பரப்புரை செய்த அணியும், பேச்சுவார்த்தையைக் கொள்கையளவில் எதிர்த்த அணியும் சேர்ந்து 46.29 விழுக்காடு பெற்றிருந்தன. பிரிந்து நின்றமையால் அவை இழந்தன. விகிதாசார முறை நடைமுறையில் இருப்பினும், ஒவ்வொரு தேர்தல் மாவட்டத்திலும் முதலிடம் பெறும் கட்சிக்கு ஒரு மேலதிக இடம் உண்டு. பிளவுபட்ட அணிக்கு அது கிட்டாது.

மக்கள் விடுதலை முன்னணிக்கு வாக்களித்தோர் அனைவரும் போரை விரும்பியோர் என்று கொள்ளுதல் தவறு. விலைவாசி, ஊழல், வேலையின்மை ஆகியவற்றின் மீதான சினமும் அவ்வாக்குகளில் இருந்தது. அதே அளவுகோலைத்தான் மறுபுறத்துக்கும் வைக்க வேண்டும்: ஐக்கிய தேசிய முன்னணிக்கு விழுந்த தென்னிலங்கை வாக்குகளில் மின்வெட்டுக்கும் விலையேற்றத்துக்கும் எதிராக விழுந்தவை எத்தனை? சமாதான ஆணை என்ற விளக்கம் இவ்வினாவைத் தவிர்த்துவிடுகிறது.

பேச்சுவார்த்தைக்கு ஆதரவான வாக்குத் தொகுதியைக் கணக்கிட, ஐக்கிய தேசிய முன்னணியோடு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பையும் முஸ்லிம் காங்கிரசையும் சேர்க்க வேண்டும். அப்போது மட்டுமே கூட்டுத்தொகை ஏறத்தாழ 50.7 விழுக்காட்டைத் தொடுகிறது. பாதியைக் கடந்தது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே. அந்த மெல்லிய வரம்பைத் தாண்டச் செய்தவை வடகிழக்கின் தமிழ் வாக்குகளும் முஸ்லிம் வாக்குகளும் ஆகும்.

வாக்குச்சாவடிக்கு வராதோர்

அவ்வாக்குகள் எந்நிலையில் இருந்தன என்பது அடுத்த கேள்வி. வன்னியிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் புலிகளின் கட்டுப்பாட்டில் வாழ்ந்தோர், அரசின் கட்டுப்பாட்டுப் பகுதியில் அமைக்கப்பட்ட வாக்குச்சாவடிகளுக்கு வந்து வாக்களிக்க ஏற்பாடாகியிருந்தது. தேர்தல் நாளன்று இராணுவம் கடவைகளை மூடிவிட்டது. பாதுகாப்புக் காரணம் கூறப்பட்டது. வாக்காளர் கடக்க முடியாமல் நின்றனர். இது அடிப்படை உரிமை மீறல் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் பின்னர்த் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது அந்நாடாளுமன்றம் கூடி ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் பதிவான வாக்காளருள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானோரே வாக்களித்தனர். பதிவேட்டில் பெயர் உள்ளோர் பலர் இடம்பெயர்ந்தோ புலம்பெயர்ந்தோ இருந்தனர். கண்டி மாவட்டத்தின் உடத்தலவின்னையில் அன்றைய நாளில் முஸ்லிம் காங்கிரசு ஆதரவாளர் பத்துப் பேர் கொல்லப்பட்டதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். தேர்தல் வன்முறை வடகிழக்கோடு நின்றுவிடவில்லை.

கடவைகள் திறந்திருந்த 2004ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வாக்கு 6,33,654 ஆக உயர்ந்தது. முழு உயர்வையும் திறந்த கடவைகளுக்கு ஏற்றிவிட முடியாது. வடகிழக்கில் அச்சுறுத்தலும் ஆள்மாறாட்டமும் நடந்ததாக ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்பாளர் கடுமையாகக் கண்டித்தனர். எனினும் 2001இல் எண்ணப்படாமல் போன தமிழ் வாக்குகள் சிறு தொகையல்ல என்பதற்கு இவ்வேறுபாடு ஒரு சான்று.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. ஆய்வுகளில் அது வாக்காளராகக் கருதப்படுவதே இல்லை. தமிழகத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்ந்த ஈழத்தமிழர் அவர்கள். வெளிநாட்டில் தங்கியுள்ள குடிமக்கள் வாக்களிக்க இலங்கைத் தேர்தல் சட்டத்தில் வழியில்லை. போரால் நாட்டைவிட்டு ஓடியவருக்கும் பிழைப்புக்காகச் சென்றவருக்கும் சட்டம் ஒன்றே. கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் இருந்தோருக்கு 2001 ஒரே ஆண்டில் இரு தேர்தல்கள் அருகில் வந்து சென்றன. மே 10 அன்று தமிழகச் சட்டமன்றத் தேர்தல் நடந்து ஆட்சி தி.மு.க.விடமிருந்து அ.தி.மு.க.வுக்கு மாறியது; இந்தியக் குடியுரிமை இல்லாதோர் அதில் வாக்களிக்கவில்லை. டிசம்பர் 5 அன்று தாயகத்தில் ஆட்சி மாறியது. அங்கு இல்லாமையால் அதிலும் வாக்களிக்கவில்லை. வடகிழக்குப் பருவமழையில் மரக்காணத்துப் பாத்திகள் நீரில் மூழ்கி உப்பு விளைச்சல் நின்றிருக்கும் மாதம் டிசம்பர். அம்மாதத்தில் திரும்பிச் செல்வதா, தங்குவதா என்ற இவர்களது வினாவுக்கு விடை, இவர்கள் பங்குபெறாத ஓர் எண்ணிக்கையில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

இருதலை ஆட்சி

ஆட்சி மாற்றத்தால் எதுவுமே மாறவில்லை என்று கூறிவிட முடியாது. 2001 டிசம்பர் 24 முதல் புலிகள் மீண்டும் போர்நிறுத்தம் அறிவித்தபோது, ஓராண்டுக்கு முன் மறுக்கப்பட்ட அதே முன்மொழிவைப் புதிய அரசு உடனே ஏற்றது. 2002 ஜனவரியில் வன்னி மீதான பொருளாதாரத் தடை நீங்கியது. பிப்ரவரி 22 அன்று நார்வேயின் இணக்க முயற்சியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. ஏப்ரலில் ஏ-9 நெடுஞ்சாலை வன்னி ஊடாக யாழ்ப்பாணம்வரை திறக்கப்பட்டது. செப்டம்பரில் தாய்லாந்தில் பேச்சுவார்த்தை தொடங்கியது. அமைச்சரவை மாறாமல் இவற்றுள் எதுவும் நடந்திருக்க வாய்ப்பில்லை.

குறை யாப்பின் அமைப்பில் இருந்தது. குடியரசுத் தலைவரே நாட்டின் தலைவர், அரசின் தலைவர், முப்படைகளின் தலைமைத் தளபதி. சந்திரிகா 1999 டிசம்பரில் இரண்டாம் முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவரது பதவிக்காலம் நாடாளுமன்றத் தேர்தலால் பாதிக்கப்படவில்லை. பாதுகாப்பு அமைச்சைப் புதிய அமைச்சரவைக்கு அவர் விட்டுக்கொடுத்தார். ஆனால் அது அவர் இசைவால் கிடைத்தது, நாடாளுமன்றத்தின் உரிமையால் கிடைத்ததன்று. போர்நிறுத்த உடன்படிக்கையில் பிரதமர் கையொப்பமிட்டபோது, தம்மைக் கலந்தாலோசிக்கவில்லை என்று அவர் குறைகூறினார். படைகளின் தலைமைத் தளபதி கையொப்பமிடாத போர்நிறுத்தம் அது.

கலைப்பு அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் யாப்புத் திருத்தம் ஒன்றை அரசு 2002இல் கொண்டுவந்தது. அதற்கு மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மையோடு பொதுசன வாக்கெடுப்பும் வேண்டும் என உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. மூன்றில் இரு பங்கு என்பது 150 இடங்கள். ஐக்கிய தேசிய முன்னணி, முஸ்லிம் காங்கிரசு, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு மூன்றையும் கூட்டினாலும் 129தான். 2002 டிசம்பர் 5க்குப் பின் நாடாளுமன்றம் எந்நாளும் கலைக்கப்படலாம் என்ற நிலை ஏற்பட்டது. பேச்சுவார்த்தை மேசையில் புலிகள் எதிர்கொண்டது இத்தகைய ஓர் அரசை. 2003 ஏப்ரலில் அவர்கள் பேச்சிலிருந்து விலகியதற்கு வேறு காரணங்கள் கூறப்பட்டன. எனினும் ஒப்புக்கொண்டதை நிறைவேற்றும் ஆற்றல் எதிர்த்தரப்புக்கு உண்டா என்ற ஐயம் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது என்று கருத இடமுண்டு.

அமெரிக்க வரலாற்றில் இதன் மறுதலை ஒன்று காணப்படுகிறது. முதல் உலகப் போரின் இறுதி நாள்களில், 1918 நவம்பரில் நடந்த இடைக்காலத் தேர்தலில், தம் கட்சிக்கே பெரும்பான்மை தருமாறு குடியரசுத் தலைவர் வில்சன் வெளிப்படையாக வேண்டியும் இரு அவைகளும் குடியரசுக் கட்சியிடம் சென்றன. வில்சன் கொண்டுவந்த வெர்சாய் உடன்படிக்கையை மேலவை ஏற்கவில்லை. அங்குத் தலைவர் செய்த சமாதானத்தைச் சட்டமன்றம் தடுத்தது. இலங்கையில் சட்டமன்றப் பெரும்பான்மை செய்த சமாதானத்தைத் தலைவர் தடுத்தார். முன்னதில் போர் ஏற்கெனவே முடிந்திருந்தது. பின்னதில் படைகள் எதிரெதிரே நின்றுகொண்டிருந்தன.

2003 அக்டோபர் இறுதியில் இடைக்காலத் தன்னாட்சி அதிகார அமைப்புக்கான வரைவைப் புலிகள் முன்வைத்தனர். நவம்பர் 4 அன்று, பிரதமர் வாஷிங்டனில் இருந்தபோது, பாதுகாப்பு, உள்துறை, வெகுசனத் தொடர்பு ஆகிய மூன்று அமைச்சுகளையும் குடியரசுத் தலைவர் தம் கையில் எடுத்துக்கொண்டார். 2004 பிப்ரவரி 7 அன்று நாடாளுமன்றத்தைக் கலைத்தார். இம்முறை பொதுஜன ஐக்கிய முன்னணியும் மக்கள் விடுதலை முன்னணியும் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பாக ஒன்றிணைந்து ஏப்ரல் 2 அன்று 45.60 விழுக்காடும் 105 இடங்களும் பெற்றன. 2001இல் பிரிந்து நின்று பெற்ற 46.29 விழுக்காட்டுக்கு 93 இடங்களே கிடைத்திருந்தன. வாக்கு விகிதம் சற்றே குறைந்தும் இடங்கள் 12 கூடின. ஆகவே 2004ஐத் தென்னிலங்கை மனம் மாறிய தேர்தல் என்று எழுதுவதற்கு முன் தயங்க வேண்டும். ஐக்கிய தேசிய முன்னணியின் வாக்கு 37.83 விழுக்காடாக வீழ்ந்தது உண்மை. அதன் ஒரு பகுதி 5.97 விழுக்காடு பெற்ற ஜாதிக ஹெல உறுமயவுக்குச் சென்றது. ஆனால் எதிரணியின் பலம் 2001இலேயே இருந்தது; கூட்டணி மட்டும் அமைந்திருக்கவில்லை.

மரக்காணக் கரை

போர்நிறுத்தம் நிலவிய ஆண்டுகளில் தமிழக முகாம்களிலிருந்து ஒரு பகுதியினர் திரும்பினர். வீடு, காணி, கண்ணிவெடி அகற்றல் ஆகிய உறுதிப்பாடுகள் இன்மையால் பெரும்பாலோர் காத்திருந்தனர். அக்காத்திருப்பைத் தயக்கம் என்றோ உதவித்தொகையின் மீதான சார்பு என்றோ சில எழுத்துகள் குறைத்துக் காட்டின. 2002 டிசம்பருக்குப் பின் எந்நாளும் கலையக்கூடிய ஒரு நாடாளுமன்றத்தின் மீது குடும்பத்தின் எதிர்காலத்தை வைக்க மறுத்தமை, அன்றைய அரசமைப்பு நிலையோடு ஒப்பிட்டால், நிதானமான கணிப்பாகவே தோன்றுகிறது. 2006இல் இராமேசுவரத்துக்கு மீண்டும் படகுகள் வரத் தொடங்கின. 2008 ஜனவரியில் உடன்படிக்கையிலிருந்து இலங்கை அரசு முறைப்படி விலகியது.

2004இலும் இரு தேர்தல்கள் அடுத்தடுத்து வந்தன. ஏப்ரல் 2 அன்று இலங்கை வாக்களித்தது. மே 10 அன்று மக்களவைத் தேர்தலுக்காகத் தமிழகம் வாக்களித்தது. உப்பு விளைச்சல் மும்முரமாக நடக்கும் அக்கோடை நாளில் மரக்காணத்து உப்பளத் தொழிலாளர் வாக்குச்சாவடிகளுக்குச் சென்றனர். கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் இருந்தோரின் பெயர்கள் அவ்வாண்டும் இரு கரைகளில் எந்த வாக்குச்சாவடியிலும் அழைக்கப்படவில்லை. முகாமின் வருகைப் பதிவேட்டில் மட்டும் அழைக்கப்பட்டன.